பத்து மீட்டர் ஏழரை ஆன கதை

ரெண்டு கண்ணுக்கும் லேசா வேற வேற படம் காட்டினா, மூளைக்கு ஆழம் தெரியும். 1838-ல சார்லஸ் வீட்ஸ்டோன் ஸ்டீரியோஸ்கோப் மூலமா காட்டினது இது. 1968-ல ஐவன் சதர்லேண்ட் அதையே தலையில மாட்டுற கருவியாக்கினார்.

அப்போ தூரமும் சரியா தெரியணும்ல? ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெச்சாங்க. இலக்கைப் பார்த்துட்டு, கண்ணை மூடிக்கிட்டு அதுவரைக்கும் நடக்கணும். நிஜ இடத்துல 20 மீட்டர் வரைக்கும் மக்கள் கிட்டத்தட்ட சரியா போய் நின்னாங்க. விஆர்-ல பாதியிலயே நின்னுட்டாங்க. 2013-ல பல ஆய்வுகளைத் தொகுத்தப்போ, மதிப்பிட்ட தூரம் சராசரியா நிஜ தூரத்துல 74 சதவீதம்தான்!

ஹெட்செட்டோட எடையும் குறுகலான பார்வைப் பரப்பும் காரணங்கள்ல சில. புதுக் கருவிகள்ல பிழை குறைஞ்சிருக்கு, போகலை. அதனால, கட்டப்போற வீட்டை விஆர்-ல பார்த்து "ஹால் சின்னதா இருக்கே"ன்னு தோணுச்சுன்னா, பிளானை மாத்துறதுக்கு முன்னாடி அளவை ஒரு தடவை பாருங்க.