கண்டி மாநகரிற் காலமும் கடிகாரமும்

றோலெக்ஸ், ஒமேகா, பற்றெக் பிலிப் முதலிய சுவிற்சர்லாந்துக் கடிகாரங்களைத் தரம், அழகு, விலைமதிப்பு என்னும் மூன்றானும் ஒப்பிட்டு, இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று கூறுவோர் பலர். இது கடைவீதி வினாவன்றோ, வரலாற்று மாணவனுக்கு இதனால் ஆவதென்ன எனச் சிலர் எண்ணக்கூடும். ஆயின் இவ்வொப்பீட்டினுள்ளே வேறொரு வினா மறைந்து கிடக்கின்றது. நேரத்தை அறியும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே அது. கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களும் அதற்கு விடையிறுக்கத்தக்க சான்றுகளை உடையன.

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில், 1660இற் பிடிபட்டு, 1679இல் தப்பிச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில், கண்டி நாட்டார் காலங்கணித்த முறையை அவர் விளக்குகின்றார். ஏறக்குறைய ஒரு பைந்து நீர் கொள்ளும் செப்புக் கிண்ணத்தின் அடியில் நுண்ணிய துளையிட்டு, மட்பானை நீரில் அதனை மிதக்க விடுவர். துளைவழி நீர் புகுந்து கிண்ணம் அமிழும்வரை சென்ற காலம் ஒரு 'பைய' எனப்படும். பகலுக்கு முப்பது, இரவுக்கு முப்பது. எனவே ஒன்று 24 நிமிடமாகும். நம் முன்னோர் நாழிகை வட்டில் என்றதும் இத்தகைய கருவியையே. முல்லைப்பாட்டிலும் அரசனது பாசறையில் நாழிகைக் கணக்கர் இடம்பெறுகின்றனர். சிங்களத்தில் 'பைய' என்னும் சொல் இன்றும் வாழ்கின்றது. அளவு மட்டும் அறுபது நிமிடமாக மாறிற்று. தமிழிலோ அளவோடு சொல்லும் மாறி, நாழிகை போய் மணி வந்தது. மணி காதாற் கேட்கப்படுவது, கண்ணாற் காணப்படுவதன்று என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

அக்கிண்ணத்தை அரசனையன்றிப் பிறர் பயன்படுத்துதல் அரிது என்றும், அதனை இடையறாது நோக்கியிருத்தற்கென்றே அரசன் ஓர் ஆளை வைத்திருந்தான் என்றும் நொக்ஸ் எழுதுகின்றார். குடிகள் கதிரவனைப் பார்த்துக் குத்துமதிப்பாய்க் காலமறிந்தனர். கதிரவன் தோன்றாத மழைநாட்களில் அவர்களுக்கு உதவியது ஒரு பூ. மாலை நான்கு மணியளவில் விரிந்து காலையிற் குவியும் அப்பூச்செடியைக் காட்டிலிருந்து பெயர்த்துத் தம் தோட்டங்களில் நட்டனர். சிங்களவர் செந்திரிக்கா என்பதும் நாம் அந்திமந்தாரை என்பதும் அதுவே. அரசனுக்குச் செம்பு, குடிகளுக்குப் பூ!

நொக்ஸ் கண்டியிற் கழித்த பத்தொன்பது ஆண்டுகளில் ஐரோப்பியக் கடிகாரம் பெருமாற்றம் அடைந்தது. 1675இல் ஒல்லாந்து அறிஞராகிய ஹைகன்ஸ், சமநிலைச் சில்லுக்கு நுண்சுருள் வில் பொருத்தும் முறையை வெளியிட்டார். நாளொன்றுக்கு அரைமணி நேரமும் பிழைத்துவந்த சட்டைப்பைக் கடிகாரம் அதன்பின் சில நிமிடங்களே பிழைப்பதாயிற்று. இப்புதுமை தமதே என்று வழக்காடியவர் இங்கிலாந்தின் றொபேட் ஹூக். தம் உரிமையை நிலைநாட்டத் தொம்பியன் என்னும் கைவினைஞரைக் கொண்டு ஒரு கடிகாரம் செய்வித்து, அதனை இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்கு அளித்தார். இந்த ஹூக்கே நொக்ஸின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் என்பது பலர் அறியாத செய்தி. கண்டியரசனின் கிண்ணம் பற்றிய நூலும் ஆங்கில அரசனின் கடிகாரமும் ஒரே மனிதரின் கைப்பட்டன. இரு நாட்டிலும் திருத்தமான நேரம் முதலில் அரண்மனையைச் சார்ந்த பொருளாகவே இருந்தது.

1867ஆம் ஆண்டு கண்டிக்கு இருவகையில் முதன்மையானது. கொழும்பிலிருந்து புகைவண்டி கண்டியை அடைந்ததும், ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும் அவ்வாண்டிலேயே. புகைவண்டி நிமிடக் கணக்கை மலைக்குக் கொணர்ந்தது. துரையின் சட்டைப்பையில் இருந்த கடிகாரம், தோட்டத்தின் கடிகாரமாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் அதனைக் கண்டாரல்லர். அது சொல்லியதைத் தப்பொலியாலும் கொம்பொலியாலும் கேட்டனர். விடியுமுன் எழும் அவ்வொலிக்குப் பிரட்டுக் களத்தில் வந்து நிற்றல் வேண்டும். ஒரு நாளின் உழைப்பு செக்றோலில் ஒரு 'பேர்' எனப் பதியப்படும். பிந்தி வந்தாலோ கொழுந்தின் நிறை குறைந்தாலோ 'அரைப்பேர்'தான். 1927ஆம் ஆண்டின் குறைந்த கூலிச் சட்டத்தின் கீழ், மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் வகுக்கப்பட்டன; ஒன்பது மணி நேரமே அதற்குரிய வேலைநாள். சட்டம் மணிக்கணக்கிற் பேசியது. அம்மணியை அளக்குங் கருவியோ கூலி கொடுப்பவரிடம் இருந்தது. ஒன்பது எப்பொழுது நிறைந்தது என்று கொழுந்து பறிப்பவள் எதைக் கொண்டு வாதிடுவாள்? கடிகாரத்தின் விலைமதிப்பைப் பற்றிப் பேசுவோர் இவ்விடத்திற் சற்று நிற்றல் தகும்.

நகரத்தின் நிலை 1950இல் வேறாயிற்று. விபத்தில் இறந்த தம் மகனின் நினைவாகக் கண்டி வணிகர் ஒருவர் கட்டுவித்த மணிக்கூட்டுக் கோபுரத்தை, அவ்வாண்டு டிசெம்பரிற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா திறந்துவைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை அமைத்த ஷேர்லி டி அல்விஸ் அதன் சிற்பி. மத்திய சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகில், கூலியாளும் கனவானும் ஒருங்கே நோக்கக்கூடிய இடத்தில் அது நிற்கின்றது.

இனிக் கடிகாரங்களைப் பார்ப்போம். 1839இல் தோன்றிய பற்றெக் நிறுவனம் 1851இல் விக்ரோறியா அரசிக்குக் கடிகாரம் விற்றது. அன்று தொட்டு அரண்மனைச் சாயல் அதனை விட்டு நீங்கவில்லை. அழகென்றால் அதன் மெல்லிய, ஆரவாரமற்ற வட்ட முகத்தையே யான் முதலில் வைப்பேன். 1848இற் பிறந்த ஒமேகா திருத்தத்தாற் பெயர் பெற்றது. 1932 முதல் ஒலிம்பிக் விளையாட்டுக்களில் நேரங்கணித்தது. 1905இல் இலண்டனில் தொடங்கப்பட்ட றோலெக்ஸ், 1926இல் நீர் புகாத 'ஒயிஸ்ரர்' கூட்டை வெளியிட்டது. மலைநாட்டு மழையில் திரிபவருக்கு இதுவே தக்கது. எனினும் நம் நாடுகளில் நடுத்தர மக்களின் கையை அலங்கரித்தவை இம்மூன்றும் அல்ல. 1865இலேயே பம்பாய்க்கு வந்துவிட்ட பாவ்ரே-லூபா, இந்தியச் சந்தைக்கென்றே வளர்ந்த வெஸ்ற் எண்ட் ஆகியனவே அவை. உறுதியாய் ஓடின, பழுதுபார்ப்பதும் எளிதாயிருந்தது. கொடுத்த காசுக்கு இவற்றிற் பெற்ற பயன் பெரிதென்பது என் துணிபு.

அக்காலத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் வாங்குவோர் 'எத்தனை கல்?' என்று கேட்பது வழக்கம். உராய்வைக் குறைக்கும் மாணிக்கத் தாங்கிகளையே கல் என்றனர். கையாற் சாவி கொடுக்கும் சாதாரணக் கடிகாரத்துக்குப் பதினேழு போதும். ஆயினும் சிலர் பயனற்ற கற்களைப் பதித்து நூறு வரை எண்ணிக்கையை உயர்த்தி விளம்பரஞ் செய்தனர். தரமென்று மக்கள் எண்ணுவது பெரும்பாலும் எண்ணக்கூடியதொன்றே போலும்.

1969 டிசெம்பர் 25ஆந் திகதி, சீக்கோ நிறுவனம் தோக்கியோவிற் படிகக் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 450,000 யென். பிழை மாதத்துக்கு ஐந்து விநாடி. விலையோ விரைவில் வீழ்ந்தது. றோலெக்ஸ் இன்று நாளொன்றுக்கு முன்பின் இரண்டு விநாடிக்குள் ஓடுவதாக உறுதி கூறுகின்றது. மிகுதியாய்ப் பிழைத்தால் மாதத்தில் ஒரு நிமிடம். கண்டித் தெருவோரத்தில் விற்கும் மின்கலக் கடிகாரம் பலவும் அதனை வென்றுவிடும். திருத்தம் ஏழைக்கும் கிட்டிய பின்னர், விலையுயர்ந்த கடிகாரம் விற்பது கைவினையையும் குலப்பெருமையையுமே. 2019இல் ஜெனீவா ஏலத்தில் ஒரு பற்றெக் பிலிப் 31 மில்லியன் சுவிஸ் பிராங்குக்குப் போனது நேரங்காட்டியமைக்காக அன்று.

விநாடிக்கு இத்துணை வாதம் நிகழ, கண்டியின் கதிரவன் தனிவழி செல்கின்றான். கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பொதுநேரம் 1906இல் இலங்கையில் ஏற்கப்பட்டது. கண்டியின் இயல்பான நேரம் அதற்கு ஏறக்குறைய ஏழரை நிமிடம் பிந்தியது. 1996 மே மாதம் அரசாங்கம் ஒரு மணி நேரத்தைக் கூட்டியது. ஒக்ரோபரில் அதில் அரைமணியைக் குறைத்தது. மிகுந்த அரைமணியை 2006 ஏப்பிரலிலேயே நீக்கியது. மூன்று தடவையும் பற்றெக் பிலிப்பும் பத்து ரூபாய்க் கடிகாரமும் ஒருங்கே பிழைத்து நிற்க, உடையவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே முள்ளைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.