ப்ரிமவேரா: உணவுப்பட்டியலில் இடம்பெறாத ஓர் உணவின் வரலாறு

வேகவைத்த பாஸ்தாவோடு பட்டாணி, பீன்ஸ், ப்ரோக்கோலி முதலிய காய்களைச் சேர்த்து, வெண்ணெய் இட்டு, பாலாடைக்கட்டியைத் துருவிப் பரிமாறும் ‘பாஸ்தா ப்ரிமவேரா’, அரைமணி நேரத்தில் வீட்டிலேயே சமைத்துவிடக்கூடிய எளிய இரவுணவாக இன்று பல நாடுகளில் அறியப்படுகிறது. ‘ப்ரிமவேரா’ என்னும் இத்தாலியச் சொல்லுக்கு வசந்தகாலம் என்று பொருள். பெயரைக் கேட்டவுடன் டஸ்கனிக் குன்றுகளுக்கிடையே ஓர் உழவர் வீடும் அதன் பழைய அடுக்களையும் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பு. ஆனால் இவ்வுணவு புகழ்பெற்றது 1970களின் நியூயார்க்கில், அதுவும் ஒரு பிரெஞ்சுப் பாணி உணவகத்தில். அதில் இடம்பெறும் காய்களில் பாதி வசந்தத்துக்கு உரியவையே அல்ல. உணவு வரலாற்றைப் பாடமாகப் பயிலும் மாணவர்களுக்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நிகழ்வுகள் சுருக்கமாக இவை. இத்தாலியின் மொன்டெகட்டினியைச் சேர்ந்த சிரியோ மச்சோனி, 1974இல் மன்ஹாட்டனில் ‘லெ சிர்க்’ உணவகத்தைத் தொடங்கினார். தலைமைச் சமையற்கலைஞர் ஜான் வெர்ஞ் ஒரு பிரெஞ்சுக்காரர். 1975இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓர் இத்தாலியப் பிரபுவின் கோடை மாளிகையில் விருந்தினர்களாகத் தங்கியிருந்தபோது, வேட்டை இறைச்சியும் மீனும் அலுத்துப்போக, காய்களும் பாலேடும் சேர்த்துப் பாஸ்தா சமைக்கப்பட்டது என்பது மச்சோனி தரப்புக் கதை. உடன் சென்றிருந்த அவர் மனைவி எகிடியானாவுக்கு அதில் பங்குண்டு என்று சொல்லும் வடிவமும் வழக்கில் உண்டு. ஓவியரும் சமையல் நூலாசிரியருமான எட் ஜியோபி இதை மறுத்தார். இத்தகைய உணவொன்றை மச்சோனிக்கும் வெர்ஞுக்கும் முதலில் செய்துகாட்டியவர் தாமே என்பது அவருடைய வாதம். 1977இல் க்ரெய்க் க்ளேபோர்னும் பியர் ஃப்ரானேயும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதன் செய்முறையை வெளியிட்டனர். அதன்பின் அமெரிக்க நகரங்களின் உணவகங்கள் பலவற்றுக்கும் இது பரவியது.

யார் கண்டுபிடித்தார் என்ற இந்த வழக்கு நமக்குப் புதிதன்று. ரசகுல்லாவுக்காக வங்கமும் ஒடிசாவும் மோதிக்கொண்டு, 2017இல் ஒன்றும் 2019இல் மற்றொன்றுமாகத் தனித்தனிப் புவிசார் குறியீடு பெற்றன. பட்டர் சிக்கனை உருவாக்கியவர் யார் என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் 2024இல் இரண்டு உணவக நிறுவனங்கள் வழக்காடத் தொடங்கின. இவ்வகை வழக்குகளில் தீர்ப்பைவிட, கண்டுபிடிப்பு என்று எதைக் கருதுகிறோம் என்பதே ஆய்வாளரின் அக்கறைக்கு உரியது. காய்களைப் பாஸ்தாவோடு சேர்ப்பது ஒருவர் ஒரு மாலையில் கண்டுபிடித்த செயலாக இருக்க இயலாது. தென் இத்தாலியின் புல்யா பகுதியில் ஒரெக்கியெட்டே பாஸ்தாவைக் கசப்புக் கீரைத் தண்டோடு வேகவைப்பது நெடுங்கால வழக்கம். நேப்பிள்ஸ் மக்கள் ‘இலை தின்னிகள்’ என்ற பட்டத்திலிருந்து ‘மக்ரோனி தின்னிகள்’ என்ற பட்டத்துக்கு மாறிய வரலாற்றை எமீலியோ செரேனி 1958இல் எழுதிய கட்டுரை ஆராய்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இறைச்சியும் முட்டைக்கோசும் அடங்கிய உணவுமுறை தளர்ந்தது. மாவைப் பிழியும் இயந்திரங்கள் பாஸ்தாவின் விலையைக் குறைத்தன. ஏழைகளின் தட்டு மாறியது. கீரையும் பாஸ்தாவும் ஒரே வறுமையின் இரு கட்டங்கள் என்பதை அக்கட்டுரையைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். இன்னும் பின்னே சென்றால், 1154இல் அல் இத்ரீசி சிசிலியின் திராபியா என்ற ஊரில் ‘இத்ரியா’ எனும் உலர்மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பலேறியதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே 1970களில் புதிதாக நிகழ்ந்தது உணவின் பிறப்பன்று. அதன் தகுதி மாற்றம். இதற்கு வலுவான சான்று அந்த உணவகத்தின் நடைவழியில் இருக்கிறது. பிரெஞ்சுச் சமையற்கூடத்தின் படிநிலையில் ஊறிய வெர்ஞ், பாஸ்தா தம் அடுக்களையைத் தீட்டுப்படுத்தும் என்று கருதி அதை உள்ளே சமைக்க இசையவில்லை என்றும், பணியாளர்கள் நடைவழியில் கொதிநீர்ப் பாத்திரம் வைத்து அதைச் சமைத்தனர் என்றும் சொல்லப்படுகிறது. உணவுப்பட்டியல் அட்டையிலும் அதன் பெயர் இல்லை. தெரிந்தவர்கள் கேட்டுப் பெற்றனர். சம்பந்தப்பட்டவர்கள் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னவை என்பதால் இவற்றை அளந்தே ஏற்கவேண்டும். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. புகழை வேண்டி மூவர் போட்டியிடும் கதையில், நடைவழியில் நின்று பாத்திரம் கிளறியவர்களின் பெயர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை. அடுக்களைக்குள் எது நுழையலாம், எது நுழையக்கூடாது என்பதில் தோய்ந்த ஒரு சமூகத்திலிருந்து வரும் நமக்கு, நடைவழி அடுப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய தலைமுறையையும் இங்கே நினைக்கவேண்டும். 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். பெரும்பாலோர் தெற்கிலிருந்து வந்த ஏழைகள். காய், மாவு, பாலாடைக்கட்டி ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் கலந்து சமைப்பது செரிமானத்துக்குக் கேடு என்று அக்காலச் சீர்திருத்தவாதிகள் அவர்களுக்கு அறிவுரை கூறினர். அதே கலவை அரைநூற்றாண்டு கழித்துப் பாலேடும் பைன் கொட்டையும் சேர்ந்து, மன்ஹாட்டன் செல்வர்களின் மேசையில் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. ப்ரோக்கோலியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1920களில் சிசிலியிலிருந்து வந்த டர்ரீகோ சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் அதைப் பயிரிட்டு, பனிக்கட்டியிட்டு ரயிலில் பாஸ்டனுக்கு அனுப்பினர். அதுவரை அது பெரும்பாலும் குடியேறியோர் தோட்டத்துக் காய்.

இந்தக் குளிர்காப்புப் போக்குவரத்து இல்லாமல் ப்ரிமவேரா இல்லை. இத்தாலியின் உண்மையான வசந்த உணவுகள் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை. ரோமாபுரியின் ‘விஞ்ஞரோலா’, கூனைப்பூவும் அவரையினமும் பட்டாணியும் ஒருசேரக் கிடைக்கும் சில வாரங்களில் மட்டும் சமைக்கப்படும். வெனிஸில் இளம்பட்டாணியும் அரிசியும் சேர்ந்த ‘ரீசி எ பீசி’, ஏப்ரல் 25ஆம் நாள் புனித மாற்கு திருவிழாவோடு பிணைந்தது. 1977ஆம் ஆண்டுச் செய்முறையிலோ ஆஸ்பராகஸும் பட்டாணியும் மட்டுமன்றி, கோடையின் சுக்கினி, தக்காளி, பீன்ஸ், குளிர்பருவ ப்ரோக்கோலி ஆகிய அனைத்தும் ஒன்றாக நிற்கின்றன. எந்தத் தோட்டத்திலும் இவை ஒரே வாரத்தில் விளையா. தக்காளியோ பாஸ்தாவோடு சேர்ந்த வரலாறே பிந்தியது: இப்போலித்தோ கவல்காந்தி 1839இல் அச்சிட்ட தக்காளி வெர்மிசெல்லிதான் நாம் அறிந்த தொடக்ககாலச் சான்று. பருவம் இங்கே பெயராக மட்டும் எஞ்சியது.

இனி ‘எளிமை’க்கு வருவோம். அச்சான செய்முறை எளிதன்று. ப்ரோக்கோலி, சுக்கினி, ஆஸ்பராகஸ், பீன்ஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியே உப்புநீரில் வேகவைத்து, குளிர்நீரில் அலசி வடிக்கவேண்டும். பட்டாணி வேறு, காளான் வேறு, தக்காளி வேறு. பிறகு பூண்டும் மிளகாயும் தாளித்த எண்ணெயில் காய்களைப் புரட்டி, வெண்ணெயும் பாலேடும் பார்மசானும் சேர்த்துத் தனியே குழம்பு கூட்டி, திருநீற்றுப்பச்சிலையின் இனமான பேசில் இலை தூவவேண்டும். பல உதவியாளர்கள் உள்ள கூடத்துக்கு இது பொருந்தும். தனித்தனியே வேகவைப்பதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு காயும் வேகும் நேரம் வேறு, அதிகம் வெந்தால் பச்சையத்தின் மக்னீசியம் நீங்கி நிறம் மங்கிப் பழுப்பாகும். ஆனால் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து சமைப்பவருக்கு இவ்வளவு பாத்திரங்களைக் கழுவ நேரமேது?

இதற்கு விடை கண்டவர்கள் வீட்டில் சமைத்தவர்களே. அவர்கள் பெயர் எந்த நாளிதழிலும் வரவில்லை. பாஸ்தா கொதிக்கும் அதே பாத்திரத்தில், அது வெந்து முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் ப்ரோக்கோலியும் பீன்ஸும், கடைசி ஒரு நிமிடத்தில் பட்டாணி. வடிப்பதற்கு முன் ஒரு குவளைக் கஞ்சிநீரை எடுத்து வைத்துக்கொண்டால் பாலேடே தேவையில்லை. அதிலுள்ள மாவுப்பொருள் வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் நீரோடு பிணைத்து, பிரியாத குழம்பாக்கும். சுவையிலும் இதுவே மேல் என்பது என் கருத்து. பாலேடு காய்களின் மணத்தை மூடிவிடுகிறது. ஒரே பாத்திரத்தில் காயும் மாவும் வேகும் இம்முறை, புல்யாவின் கீரைத்தண்டுப் பாஸ்தாவினுடைய முறையே. உணவகம் பிரித்து வைத்ததை வீடு மீண்டும் சேர்த்தது.

இந்தியாவில் இதைச் சமைப்போர் இன்னொன்றையும் கவனிக்கலாம். ப்ரிமவேராவை நாம் ‘இளவேனில்’ என்று பெயர்த்தால் சித்திரை, வைகாசியைக் குறிக்கிறோம். அப்போது நல்ல பட்டாணி சமவெளிச் சந்தையில் கிடைப்பது அரிது. வடஇந்தியாவில் பச்சைப் பட்டாணி மலிவது மார்கழியிலும் தையிலும்தான். ஆஸ்பராகஸ் நம் தண்ணீர்விட்டான் கொடியின் நெருங்கிய உறவு. நாம் கிழங்கை எடுக்கிறோம், அவர்கள் குருத்தை. பாஸ்தாவுக்கு உகந்த துரம் கோதுமையும் அயலானதன்று. மால்வாவிலும் புந்தேல்கண்டிலும் ‘காதியா’ என்ற பெயரில் மானாவாரியாக விளைந்துவந்த கோதுமை அந்த இனமே. அதன் ரவை இன்றும் அப்பகுதிக் கடைகளில் கிடைக்கிறது.