மடலும் மதிப்புரையும்

நூலைக் கற்றவர் தாம் கற்றதைப் பிறர்க்கு உரைக்க விழைதல் இயல்பு. அவ்விழைவு முறைப்பட்டு, குறித்த நாளில் குறித்தோர் கைக்குச் செல்லும் மடலாக உருப்பெற்ற வரலாறே இக்கட்டுரையின் பொருள். மதிப்புரையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அச்சிட்ட இதழ்களையே சான்றாகக் கொள்வர். ஆயின், மதிப்புரை இதழ் பிறந்த இடம் கடிதமே. அச்சிதழ் தோன்றிய பின்னரும் மதிப்புரை கடிதத்திற்கே திரும்பியதுண்டு. அங்ஙனம் திரும்பியது ஏன்? அதனால் பெற்றது யாது? இழந்தது யாது? பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த மூன்று இதழ்களைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

1. கடிதத்திலிருந்து இதழ்

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள் தம் கூட்டத்தைக் ‘கல்வியுலகக் குடியரசு’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். அப்பெயரில் வரும் பிரெஞ்சுச் சொல் கல்வியையும் குறிக்கும், கடிதத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளும் அவ்வுலகிற்குப் பொருந்துவனவே. எந்நகரில் எந்நூல் வெளிவந்தது, அதில் புதிதாக யாது உளது என்னும் செய்திகள் கடிதங்கள் வழியாகவே பரவின. ஒருவர்க்கு வந்த கடிதம் பலர் கூடிய அவையில் படிக்கப்பெறும். படியெடுக்கப்பெற்று வேற்றூர்க்கும் செல்லும்.

இக்கடிதப் போக்குவரவே இதழாக மாறியது. பாரிசு நகர உயர்நீதிமன்றத்தின் உறுப்பினராகிய தெனி த சல்லோ என்பார், 1665 சனவரி 5-ஆம் நாள் ‘சூர்னால் தே சவான்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். புதிய நூல்களின் பொருளை எடுத்துரைப்பதே அதன் முதற் பணி. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் இலண்டன் அரச கழகத்தின் செயலர் ஓல்டன்பர்க்கு, தமக்கு வந்து குவிந்த அறிஞர் கடிதங்களை அடிப்படையாகக் கொண்டு மற்றோர் இதழைத் தொடங்கினார். கடிதம் எழுதுவோர் ஒருவர்க்கு ஒருவராக உரைத்ததை இதழ் பலர்க்கு ஒருங்கே உரைத்தது, வேறுபாடு அவ்வளவே.

ஆயின் பலர்க்கு உரைத்தலில் ஓர் இடர் உண்டு. சல்லோ நூற்பொருளைச் சுருக்கியதோடு நில்லாது, நன்று தீது என்று தீர்ப்பும் கூறினார். உரோமாபுரியின் மேலாட்சிக்கு எதிராகப் பிரெஞ்சுத் திருச்சபையின் உரிமைகளைப் போற்றும் சார்பும் அவர்க்கு இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. இதழ் 13 வெளியீடுகளோடு நிறுத்தப்பெற்றது. 1666 சனவரியில் கல்லுவா என்பார் அதனை மீண்டும் தொடங்கியபோது சுருக்கம் மிகுந்தது, தீர்ப்பு குறைந்தது. மதிப்புரை தோன்றிய முதலாண்டிலேயே, அதற்கு எவ்வளவு துணிவு இசையும் என்னும் வினாவும் தோன்றிவிட்டது என்பதை நாம் ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும்.

2. பேல் என்பாரின் இதழ்

இவ்வினாவின் கடுமையை நன்குணர்ந்தவர் பியேர் பேல். பிரான்சில் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த அவர், தாம் பணியாற்றிய செடான் கல்விக்கழகம் 1681-இல் அரசால் மூடப்பெற்றமையின், ஆலந்து நாட்டு ராட்டர்டாம் நகரில் புகலடைந்தார். ‘கல்வியுலகக் குடியரசின் செய்திகள்’ என்னும் பொருள்படும் பெயரோடு 1684 மார்ச்சில் அவர் தொடங்கிய திங்களிதழ் ஆம்சுடர்டாமில் அச்சாயிற்று. தாம் தீர்ப்பாளராக இருத்தலினும் எடுத்துரைப்பாளராகவே இருக்க விரும்புவதாக முதலிதழின் முன்னுரையில் அவர் கூறினார். எனினும் எதனை எடுப்பது, எதனை விடுப்பது, எதனை எதன் அருகில் வைப்பது என்பனவும் தீர்ப்பேயன்றோ? வாசகர் இதனை உணர்ந்தனர், அரசும் உணர்ந்தது. பிரான்சில் அவ்விதழ்க்குத் தடை விதிக்கப்பெற்றது.

இவ்விதழின் நடை கடித நடை. நண்பரோடு உரையாடுவார்போல் ஒரு நூலிலிருந்து மற்றொன்றிற்கு அவர் செல்வார். வாசகரிடமிருந்து வந்த கடிதங்களையும் செய்திகளையும் இதழில் சேர்த்துக்கொள்வார். இதழின் ஊற்றுக்கண் கடிதமே என்பதற்கு அவருடைய கடிதத் திரட்டு சான்றாகும். அது 1999 முதல் 2017 வரை 15 தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பெற்றுள்ளது.

பேல் ராட்டர்டாமில் பாதுகாப்பாக இருந்தார். அவர்தம் குடும்பம் பிரான்சில் இருந்தது. அவர் 1682-இல் பெயர் குறியாது வெளியிட்ட சமய வரலாற்று மறுப்பு நூலொன்று பாரிசில் தீயிடப்பெற்றது. நூலாசிரியரைப் பிடிக்க இயலாத அரசு, 1685 சூனில் அவர் தமையனும் சமயப் போதகருமாகிய சாக்கோபு பேலைச் சிறைப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் சாக்கோபு போர்தோ நகரச் சிறையில் உயிர் துறந்தார். திங்கள்தோறும் புதிய நூல்களைப் பற்றி அமைதியாக எழுதிவந்த கையின் பின்னே இத்துயரம் இருந்தது. 1687 பிப்ரவரியில் உடல்நலிவால் பேல் இதழ்ப்பணியை விடுத்தார்.

3. அச்சேறாத இதழ்

அச்சிட்டால் தடை வரும். ஆதலின் அச்சிடாமலே இதழ் நடத்தலாகாதோ? பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த செருமானியராகிய பிரீட்ரிக் மெல்கியோர் கிரிம் கண்ட வழி இதுவே. ரேனால் என்பார் தொடங்கி நடத்திய கையெழுத்து மடற்பணியைப் பின்பற்றி, 1753-இல் அவர் ‘இலக்கியக் கடிதம்’ எனத்தக்க வெளியீட்டைத் தொடங்கினார். திங்களுக்கு இருமுறை, படியெடுப்போர் கையால் எழுதப்பெற்ற படிகள், அரசத் தூதர்தம் அஞ்சற் பைகளில் எல்லை கடந்தன. பெற்றோர் தொகை ஒரு காலத்தில் ஏறத்தாழப் பதினைவர்க்கு மேற்படவில்லை. உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீன், சுவீடன் அரசி, போலந்து வேந்தர், செருமானியச் சிற்றரசர் முதலியோர் அவர்கள். அச்சிடலாகாது என்பது அவர்கட்கு விதிக்கப்பெற்ற நெறி. 1773-இல் இப்பணி மைசுட்டர் என்பாரிடம் சென்றது.

தணிக்கையின் கண்ணுக்கு அப்பாற்பட்ட இம்மடலில் எழுத்தாளர் அஞ்சாது எழுத முடிந்தது. தம் எழுத்திற்காக 1749-இல் வின்சேன் கோட்டையில் சிறையிருந்த டிடெரோ, 1759 முதல் பாரிசு ஓவியக் காட்சிகளைப் பற்றிய தம் மதிப்புரைகளை இதற்கே எழுதினார். ‘விதிக்கொள்கையர் சாக்கு’ என்னும் அவர்தம் புதினமும் 1778 முதல் 1780 வரை இதில் தொடர்ந்து வெளிவந்தது. எப்பினே அம்மையாரும் இதற்கு எழுதி உதவினார்.

இவ்வுரிமைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. டிடெரோ எவ்வோவியரைப் புகழ்ந்தாரோ, எவரை இகழ்ந்தாரோ, அவர்கள் வாழ்ந்த பாரிசு நகரத்து மக்கள் அம்மதிப்புரைகளைப் படிக்க இயலவில்லை. தொலைவில் உள்ள வேந்தர் படித்தனர்; ஓவியத்தின் முன் நின்ற மக்கள் படித்திலர். மேற்கூறிய புதினம் பிரெஞ்சு மொழியில் நூல்வடிவில் அச்சேறியது 1796-இல். அதற்குப் பன்னீராண்டு முன்னரே, 1784-இல், டிடெரோ மறைந்துவிட்டார். மடல் திரட்டு 1812-இல் தான் அச்சாகத் தொடங்கியது. பேலுக்கு வாசகர் மிகுதி, காவல் குறைவு. டிடெரோவுக்குக் காவல் மிகுதி, வாசகர் குறைவு. இரண்டும் ஒருங்கே எவர்க்கும் வாய்க்கவில்லை. மேலும், கிரிமின் மடல் தணிக்கையாளர்க்கு அஞ்சாததற்குக் காரணம் துணிவு மட்டுமன்று. அதற்குப் பொருள் கொடுத்தோர் முடியுடையோர் என்பதும் ஆகும். அம்முடியுடையோரைப் பற்றி அம்மடல் எவ்வளவு துணிந்து எழுதியிருக்க முடியும் என்பது சிந்தித்தற்குரியது.

4. முடிவு

இந்நூற்றாண்டில் மின்னஞ்சல் வழி நூன்மடல்கள் பெருகியுள்ளன. பரவலாக அறியப்பட்டவற்றுள் ஒன்றாகிய மரியா பொப்பொவாவின் மடல், 2006-இல் எழுவர்க்கு மட்டும் எழுதப்பெற்ற மின்மடலாகத் தொடங்கியது. படியெடுப்போர் வேண்டா, தூதர் பையும் வேண்டா. எழுவர்க்குச் செல்வது எண்ணிலர்க்கும் செல்லலாம். கடிதத்தின் நெருக்கமும் அச்சின் பரப்பும் ஒருங்கே கிட்டும் நிலை இது. பேலும் டிடெரோவும் இதனை எண்ணியும் பார்த்திரார்.

எனினும் பழைய வினா மாறவில்லை. மதிப்புரைக்குப் பொருள் கொடுப்பவர் யார்? அதனைப் படிக்க முடியாதவர் யார்? அது எவரைக் குறித்து வாய் திறவாது நிற்கிறது? இம்மூன்றையும் வினவாது மதிப்புரையின் வரலாறு நிறைவுறாது. ஆதலின் இலக்கிய வரலாறு எழுதப் புகும் மாணவர், அச்சிட்ட இதழ்களின் பக்கங்களோடு அமையாது, அவற்றின் பின்னே கிடக்கும் கடிதக் கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். பேலின் இதழில் அவர் தமையனின் பெயரை மட்டும் தேடினால் போதாது. அவர் கடிதங்களைப் படித்த பின்னரே அவ்விதழின் அமைதிக்கு அவர் கொடுத்த விலையை நாம் அறிவோம்.