கிட்டங்கிப் பேச்சு

கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போனவர்களைப் பற்றி செட்டிநாட்டில் யாரைக் கேட்டாலும் கணக்குச் சொல்வார்கள். கடைப்பெயராக என்ன விலாசம், எந்த ஊரில் கடை, பர்மாவில் எத்தனை ஏக்கர் வயல், முகப்புத் தூணுக்குத் தேக்கு எங்கிருந்து வந்தது, எல்லாம் மனப்பாடம். மூன்று வருஷம் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு அங்கே இருந்த ஆம்பிளைகள் பொழுது சாய்ந்தபின் என்ன செய்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவர் என் அப்பத்தா. "ஒங்க ஐயாவுக்கு ரங்கூன்ல பேசத்தான் சம்பளம்" என்பார். கோபத்தில் சொன்னது. ஆனால் படிக்கப் படிக்க, அதில் பாதிக்கு மேல் உண்மை என்று பட்டது.

முதலில் கிட்டங்கியை, அதாவது செட்டிமார் கடைகள் ஒன்றாக இருந்த கட்டடத்தைப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. பினாங்கிலும் செட்டிமார் கடைகளுக்கென்று ஒரு தெரு. முன்பக்கம் குறுகல், உள்ளே நீண்ட கூடம். ஒரே கூடத்தில் பல விலாசங்கள். ஒரு கடைக்கு ஒரு துண்டுத் தரை, அதில் ஒரு பாய், சரிந்த மூடி போட்ட கணக்குப் பெட்டி, பின்னால் ஓர் அலமாரி. கடை என்பது அவ்வளவுதான். மேலாள் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டுக் கொடுக்கல் வாங்கலைப் பார்ப்பார். அடுத்தாள் பேரேடு எழுதுவார். பெட்டியடிப் பையன் ஓடியாடி வேலை செய்து தொழில் பழகுவான். ராத்திரி பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டு அதே தரையில் படுக்கை. சமையலும் பொது, பந்தியும் பொது.

பக்கத்துப் பாயில் படுத்திருப்பவன் யார்? போட்டிக் கடைக்காரன். அவனே ஊரில் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருப்பான். விளக்கை அணைத்தபின் இவர்கள் பேசியதைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கோவிலில் கும்பாபிஷேகம், யார் பையனுக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், எந்தச் சீன வியாபாரி தவணை தப்பினார், எந்தத் தோட்டக்காரர் இரண்டு இடத்தில் கடன் வாங்கியிருக்கிறார். கடைசி இரண்டும்தான் முக்கியம். ஆளை நம்பிக் கடன் கொடுக்கிற தொழிலில் ஆளைப் பற்றிய சேதிதான் மூலதனம். இன்று வங்கிகள் கணினியில் தட்டிப் பார்க்கிற விவரம் அன்று பாய்க்குப் பாய் நடந்த பேச்சில் கிடைத்தது. அரட்டை என்று நாம் ஒதுக்குவது அங்கே தொழிலின் ஒரு கருவி.

ரங்கூனில் இது இன்னும் ஒழுங்காக நடந்தது. மொகல் தெருவில் நகரத்தார், அதாவது செட்டிமார், கோவில். மாதம் ஒருமுறை எல்லாக் கடைக்காரர்களும் அங்கே கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அந்த மாதத்து வட்டியை முடிவு செய்வார்கள். அதையொட்டித்தான் நடப்பு வட்டி, தவணை வட்டி எல்லாம். முருகன் சன்னதியில் நின்று சொன்ன வட்டியை மீறினால் நகரத்தார் முகத்தில் விழிக்க முடியாது. 1930 வாக்கில் பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்கு நடந்த வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தது. அத்தனை கடையையும் ஒரு வட்டியில் கட்டிவைக்க இந்தக் கூட்டம் போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டுகளில் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமான வயல்கள் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937இல் 25 பங்கு ஆனது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அந்தக் கோவில் கூட்டத்தில் இடமில்லை. நம் வீட்டுத் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, குடி? இதை நேராகக் கேட்கிறவர்கள் குறைவு. ஒரே கூடத்தில் எல்லார் கண்ணும் எல்லார் மேலும் இருக்கிற இடத்தில் ஒருவன் வாய் நாறிக்கொண்டு வந்து படுக்க முடியுமா? சேதி அடுத்த கப்பலில் ஊருக்கு வந்துவிடும். முதலாளி அடுத்த பயணத்துக்குச் சம்பளச் சீட்டு எழுதமாட்டார். எங்கள் ஐயா காலத்து ஆட்கள் சொன்னதெல்லாம் காப்பி, வெற்றிலை, சீட்டாட்டம், கார்த்திகைப் பூசைச் சாப்பாடு. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் 1859இலேயே எழுந்துவிட்டது. கொழும்பு செட்டியார் தெருவில் கதிரேசன் கோவில், ஆடிவேல் விழா. போன இடமெல்லாம் முதலில் முருகனின் வேலை நட்டார்கள், பிறகு அதைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள்.

ஆனால் கிட்டங்கிக்கு வெளியேயும் இளவட்டங்கள் இருந்தார்கள். அவர்களை நமக்குக் காட்டிக்கொடுத்தவர் ப. சிங்காரம். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்கு ஒரு கடையில் வேலைக்குப் போனார். 1959இல் வந்த 'கடலுக்கு அப்பால்', 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி', இரண்டு நாவலும் அந்த வட்டிக்கடை உலகத்தைத்தான் சொல்கின்றன. இரண்டாவது நாவலில் பினாங்கில் நண்பர்கள் கிளாசும் கையுமாக உட்கார்ந்து தமிழ் இலக்கியத்தை அக்கக்காகப் பிரித்துக் கிண்டலடிப்பார்கள். மதுரையின் தெருக்களை நினைவிலேயே நடந்து தீர்ப்பார்கள். வெளிநாட்டில் நாலு தமிழர் கூடிக் குடித்துப் பேசுவதை அவ்வளவு அச்சாகத் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை என்பது என் முடிவு. நம்மூர்க்காரரான அவர் மதுரையில் ஒரு விடுதி அறையில் தனியாளாக வாழ்ந்து 1997இல் கண்ணை மூடினார். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் பேச்சு முழுதும் காற்றோடு போயிருக்கும்.

பேச்சு ருசி கண்டவர்கள் அச்சுக்கும் வந்தார்கள். ரங்கூனிலிருந்து 'தன வணிகன்' வந்தது. அதன் ஆசிரியராக இருந்த கோட்டையூர் ஏ.கே. செட்டியார் பிறகு உலகம் சுற்றி, காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார். வெ. சாமிநாத சர்மாவின் 'ஜோதி'யும் ரங்கூனில் பிறந்ததுதான். காரைக்குடியில் 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்துக்கு 1919இல் பாரதி வந்தார். அப்போது எடுத்த படம் நம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் உண்டு. ஊரைவிட்டு ஊர் போய்க் கூடிப் பேசிப் பழகியவர்கள் திரும்பிவந்து திண்ணையோடு நிற்க முடியாமல் சங்கம் வைத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பாதி ஊர் விடுபட்டுப் போகிறது. பெண்கள். அறுபது எழுபது பேர் புழங்கக்கூடிய வீட்டில் ஆச்சிமார் மட்டும் இருந்து சீர், செய்முறை, வழக்கு, வைத்தியம் எல்லாம் பார்த்தார்கள். அப்பத்தாவுக்கு ஐயா எழுதிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தலைப்பில் சிவமயம். பிறகு முக்கால் பக்கம் பணம், சாமான், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விவரம். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியது: நேற்று ராத்திரி நம்மூர்ப் பேச்சே பேசி விடிந்துவிட்டது என்று. அப்பத்தாவின் கோபத்துக்குக் காரணம் அந்த ஓரத்து வரிதான். "நம்மூரப் பத்தி அங்கன பேசுவாக. இங்கன நம்ம கிட்ட பேச ஆளில்ல."

அந்த ராத்திரிப் பேச்சும் நிலைக்கவில்லை. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் போர்க் குண்டு விழுந்தது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஆட்கள் அரக்கான், மணிப்பூர் வழியாக வந்து சேர்ந்தார்கள். 1948இல் பர்மா தன் நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது, 1963இல் வங்கிகளும் அதன் பிறகு கடைகளும் போயின. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் பிறகு நகரச் சீரமைப்பில் இடிந்தன.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பையன்கள் இன்றும் சிங்கப்பூருக்குப் போகிறார்கள், கணக்குப் பெட்டிக்கு அல்ல, கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், லிட்டில் இந்தியா புல்வெளியில் கூடுகிறார்கள். 2013 டிசம்பர் 8 ராத்திரி ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டுச் செத்தார், கலவரம் மூண்டது. 2015இல் சட்டம் வந்தது: அந்தப் பகுதியில் வார இறுதியில் பொது இடத்தில் குடிக்கக்கூடாது. கூடிப் பேசத் தடையில்லை என்பதால் இன்னும் கூடுகிறார்கள்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளுக்குப் போனால் கணக்குப் பெட்டியும் பீங்கானும் நல்ல விலைக்குப் போவதைப் பார்க்கலாம். பழங்கடிதங்களுக்கு அந்த மதிப்பில்லை, எடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டு மேல்மாடியில் ரங்கூன், பினாங்கு, சைகோன் முத்திரை போட்ட கட்டு ஏதாவது கிடந்தால் போடுவதற்கு முன் ஒருமுறை படியுங்கள். கணக்கை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதியதைப் படியுங்கள். படிக்கத் தெரியாத கையெழுத்தாக இருந்தால் தெரிந்த பெரியவர் யாரிடமாவது கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அந்த எழுத்து தெரிந்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை.