மரச்சீனி விளைகளில் மண்ணரிப்பு

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலை முதல் தமிழக எல்லையான களியக்காவிளை வரையுள்ள ஊர்கள் செம்புறை மண்ணில் மேடும் தாழ்வுமாக அமைந்தவை. மேட்டுநிலம் விளை, மேடுகளுக்கு இடையே தாழ்ந்து கிடக்கும் வயல் ஏலா. விளையில் மழை பெயர்க்கும் மேல்மண் ஏலாவிலும் தோடு என்னும் ஓடையிலும் போய்ப் படிகிறது. போகும் மண்ணின் அளவு சரிவையும் மழையையும் மட்டுமல்ல, நிலத்தைக் கிளறும் முறையையும் மேலே கிடக்கும் சருகையும் பொறுத்தது.

இங்கே மண்ணரிப்புக்கு அதிகம் இடம்கொடுக்கும் பயிர் மரச்சீனி என்னும் மரவள்ளி. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் காலத்தில் இது பரவியது. மம்பட்டியால் மண்ணைக் கூட்டி, குவியலுக்கு ஒரு கம்பாக ஏறக்குறைய 90 செ.மீ. இடைவெளியில் நடுவார்கள். கம்பு தழைத்து நிலத்தை மூடச் சுமார் மூன்று மாதம் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் நட்டால் அதற்குள் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். துளிகள் பொலபொலத்த மண்ணை உடைக்கின்றன. நுண்மண் துளைகளை அடைக்கிறது. உள்ளே இறங்காத நீர் குவியல்களின் நடுவே வழி பிடித்துச் சரிவில் ஓடுகிறது. செப்டம்பர் வாக்கில் நட்டதைப் பிடுங்குவதோ அடுத்த இடவப்பாதியில். நனைந்த நிலம் மறுபடி கிளறப்படுகிறது. சரிவான விளையில் குவியலைவிடச் சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்து நடுவதே நல்லது.

கிளறலைத் தவிர்க்கும் வழியாக, உழாமல் விதைக்கும் முறை பிரேசிலின் பரனா மாநிலத்தில் 1972இல் தொடங்கிப் பரவியது. அறுத்த பயிரின் தாளை அப்படியே விட்டு அதனூடே விதைப்பார்கள். நிலத்தில் 30 விழுக்காடாவது தாள் மூடியிருந்தால்தான் அமெரிக்காவில் அதைக் காப்பு உழவு என்பார்கள். சோயாவுக்கு அது சரி. தோண்டாமல் கிழங்கு ஏது? அதிலும் மரச்சீனி விட்டுப்போகும் சருகு சொற்பம். கம்புகளை அடுத்த நடவுக்கு எடுத்துவிடுவார்கள்.

ஆகவே மூடாக்கு வெளியிலிருந்து வர வேண்டும். தென்னோலை, வெட்டிய களை, கதம்பை என்னும் தேங்காய் மட்டை எல்லாம் ஆகும். கதம்பை தன் எடையைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரச்சீனிக்கு இடையே தட்டப்பயறு, நிலக்கடலை விதைக்கப் பரிந்துரைக்கிறது. இவை மரச்சீனி தழைப்பதற்கு முன்பே இடைவெளியை மூடிவிடும்; காய் பறித்தபின் கொடி அங்கேயே மட்கும்.

கல்லடுக்கிக் கட்டும் கையாலை சரிவைப் படிகளாக்கி, ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்கும். படியின் மேல் விழும் துளியை அது தடுக்காது. விளையைப் பெருக்கிச் சருகைக் கூட்டி எரித்துவிட்டுக் கையாலைக்குச் செலவழிப்பது பாதி வேலைதான். முதலில் நிறுத்த வேண்டியது அந்தத் தீயை.