விழித்திருந்த இரவு

கூடாரமின்றித் திறந்த வெளியில் ஓர் இரவைக் கழிக்கும் தங்கலைப் படைவீரரும் மலையேறுவோரும் 'பிவாக்' என்பர். இச்சொல்லின் வேர் ஓய்வைச் சுட்டுவதன்று, காவலையே சுட்டுவது. நகரக் காவலர்க்குத் துணையாகக் குடிமக்கள் ஏற்ற இரவுக் காவலைச் சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் வழக்கில் 'பைவாக்ட்' என்றனர். அதுவே பிரெஞ்சு மொழியிற் புகுந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் எழுந்த படைகள் விரைந்து செல்லும் பொருட்டுக் கூடாரங்களைத் துறந்து, தீ மூட்டி வெளியில் தங்கின. 1812-இல் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் வீரர் பலர் அத்தகைய தங்கல்களில் குளிரால் மாண்டனர்.

மிலான் நகரின் அம்புரோசியானா நூலகத்தில் பணியாற்றிய அருள்தந்தை அக்கில்லே ராத்தி, 1889-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அருள்தந்தை கிராசெல்லியுடன் மோந்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தில் ஏறினார். அவருக்கு அப்போது வயது 32. காதின், புரோமென் என்னும் இரு மலைவாணர் வழித்துணையாயினர். 1881-இல் பனிச்சரிவு மரினெல்லியையும் அவர்தம் வழிகாட்டிகளையும் பலிகொண்ட முகம் அது.

30-ஆம் நாள் மாலை உச்சியை அடைந்தபோது இருள் சூழ்ந்தது. இருளில் இறங்குவது பேதைமை எனக் கண்டு, ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில், படுக்கவும் இடமில்லாத பாறை விளிம்பொன்றில் தங்கினர். கடுங்குளிரில் உறங்கினால் விழித்தெழ இயலாமற் போகலாம். ஆகவே நால்வரும் உறங்காதிருந்தனர். அவ்விரவின் விண்மீன்களிலும் பேரமைதியிலும் இறைவனின் மாட்சியைக் கண்டதாக ராத்தி பின்னர் எழுதினார். மலையேற்றத்திற்குத் துணிவினும் முன்மதியே முதன்மையானது என்பதும் அவர்தம் கருத்து.

1922-இல் அவரே திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஆனார். மறு ஆண்டு, ஆல்ப்ஸ் கணவாயில் வழிப்போக்கர்க்குப் புகலிடம் அமைத்த புனித பெர்னார்தை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். ஐரோப்பாவில் இருள் கவிந்த 1937-இல், நாசிக் கொள்கையைக் கண்டித்து அவர் விடுத்த சுற்றுமடல் ஜெர்மனியின் ஆலயங்களில் குருத்து ஞாயிறன்று வாசிக்கப்பட்டது. பலர் வாளாவிருந்த காலத்தில் அதுவும் ஓர் இரவுக் காவலே.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் சீடரிடம் வேண்டியது வீரச்செயலன்று, தம்மோடு விழித்திருத்தலே. அவர்களோ உறங்கினர். நோயுற்றோர் அருகிலும் துயருற்றோர் இல்லத்திலும் அவ்வேண்டுகோள் இன்றும் நம்மை வந்தடைகிறது. விடியலை விரைந்து கொணர நம்மால் இயலாது. விடியும்வரை உடனிருக்க இயலும்.