சுங்கமும் கள்ளும்: வட சிலாங்கூர்த் தோட்ட வரலாற்றில் ஒரு பக்கம்

முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று தமிழ்நாட்டு வரலாறு போற்றும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் பொதிகளின் மீது புலிச்சின்னம் பொறித்துச் சுங்கம் கொண்ட காட்சியைப் பட்டினப்பாலை காட்டும். கொள்ளுதலும் தவிர்த்தலும் ஆகிய இரண்டையும் நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஒரு பொருளின் மீது யாரிடம் வரி கொள்ளப்படுகிறது, யாருக்கு அது தவிர்க்கப்படுகிறது என்பதைக் கொண்டே ஓர் ஆட்சியின் உள்ளத்தை அளந்தறியலாம். மதுவைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் மிகத் தெளிவாகப் பேசுகிறது.

இன்று 'சுங்கம் தவிர்த்த' என்றவுடன் விமான நிலையக் கடைகளே நினைவுக்கு வருகின்றன. உலகின் முதல் தீர்வையற்ற விமான நிலையக் கடை 1947 ஆம் ஆண்டு அயர்லாந்தின் ஷானனில் திறக்கப்பட்டது. எல்லையைக் கடக்கும் பயணி எந்நாட்டு மண்ணிலும் அப்பொருளை நுகரவில்லை. ஆகவே எந்நாட்டுக்கும் வரி செலுத்த வேண்டியதில்லை என்பது அதன் அடிப்படைக் கருத்து. மலேசியாவுக்குள் வரும் பயணி 1 லிட்டர் வரையிலான மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்னும் சலுகை இக்கருத்தின் வழித்தோன்றலே. இடையில் விமானம் மாறிச் செல்வோரின் புட்டிகளை முத்திரையிட்ட பையில் அடைத்துத் தரும் முறை, 2006 ஆம் ஆண்டுக்குப் பின் திரவப் பொருள்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின் விளைவாகும். லங்காவித் தீவு 1987 ஆம் ஆண்டு முதல் தீர்வையற்ற தீவாக விளங்குகிறது.

ஷானனில் அக்கடை திறக்கப்பட்ட அதே 1947 ஆம் ஆண்டில், கெடா மாநிலத்துத் தோட்டத் தமிழர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்துகொண்டிருந்தனர். வானில் பறந்தவன் வரியின்றிக் குடித்தான். லயத்தில் வாழ்ந்தவன் வரியோடு குடித்தான். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது? விடை காண, நாம் கோல சிலாங்கூரின் ஆற்றுமுகத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

ஆற்றுமுகமும் குத்தகையும்

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் புக்கிட் மலாவத்திக் குன்று நிற்கிறது. அதன் மேல் அமைந்த கோட்டை ஆற்றின் வாயிலைக் காத்தது. 1784 இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். இப்போர்களின் பின்னணியில் ஓர் உண்மை இருந்தது: ஆற்றின் வாயை ஆள்பவனே உள்நாட்டு ஈயத்தின் மீது சுங்கம் கொள்வான்.

1874 இல் சிலாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டு ஆட்சி ஏற்பட்டது. அபினி, சூதாட்டம், சாராயம், அடகுக்கடை ஆகியவற்றின் வரியைத் திரட்டும் உரிமை செல்வர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. லோக் யூ போன்ற பெருஞ்செல்வர்கள் இக்குத்தகைகளால் வளர்ந்தனர். உழைப்பவனின் களைப்பே அரசின் கருவூலத்தை நிரப்பும் ஊற்றாயிற்று. சீன ஈயச்சுரங்கத் தொழிலாளிக்கு அபினி எதுவோ, தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்குக் கள் அதுவாயிற்று.

தென்னமரம் என்னும் தோட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பரின் விலையேற்றத்தால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை முதலிய பகுதிகளில் காடுகள் தோட்டங்களாயின. சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் வழியே நம்மவர் வந்து சேர்ந்தனர். பத்தாங் பெர்சுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர்பெற்று விளங்குகிறது.

இவ்வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே 1917 இல் தம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. அதன் பெயர் 'தென்னமரம்'. உலகச் சந்தையையே மாற்றிய ஒரு பயிர் இந்நாட்டில் வேரூன்றிய மண், தமிழனின் நாவில் பிறந்த பெயரைத் தாங்கி நிற்கிறது! ஃபொக்கோனியே பின்னாளில் மலாயா வாழ்வைப் பற்றி நாவல் எழுதி, 1930 ஆம் ஆண்டின் கோன்கூர் பரிசைப் பெற்றார்.

தென்னை தமிழனுக்கு இளநீரும் எண்ணெயும் கீற்றும் தந்தது, கள்ளையும் தந்தது. கோல சிலாங்கூரின் கடலோரப் பகுதி தென்னைக்கு ஏற்ற மண். ஆகவே இங்குக் கள்ளுக்குப் பஞ்சமில்லை.

கள்ளுக்குத் துறைமுகம் இல்லை

பிராந்தியும் விஸ்கியும் கப்பலில் வந்தன. துறைமுகத்தில் சுங்கம் கட்டின. கள்ளின் இயல்போ வேறு. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிய சாறு வடிகிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அது சில மணி நேரத்திற்குள் புளித்துக் கள்ளாகிறது. மேலும் ஒரு நாள் சென்றால் காடியாகத் தொடங்குகிறது. அதனைச் சேமித்து வைத்தல் அரிது. நெடுந்தொலைவு கொண்டுசெல்வதும் அரிது. துறைமுகத்தை நாடாத இப்பொருளுக்கு அரசு எவ்வாறு வரி விதிக்கும்? உரிமம் என்னும் வேலியால் விதித்தது. நகரத்தில் அரசின் கள்ளுக்கடை. தோட்டத்தில் நிர்வாகத்தின் பொறுப்பில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. சுங்கச்சாவடி ஆற்றுமுகத்தைவிட்டு நகர்ந்து லயத்தின் வாசலுக்கே வந்துவிட்டது.

தோட்டக் கள்ளுக்கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. இதில் உள்ள முரணை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி அறுதியிடப்பட்டிருந்த காலம் அது. அக்கூலியின் ஒரு பகுதி மாலையில் கள்ளுக்கடைக்குச் சென்றது. அதில் ஒரு துளி 'நலன்' என்னும் பெயரில் திரும்பி வந்தது. பிள்ளையின் பாலுக்குச் செல்லவேண்டிய காசு, பிள்ளைக்கே தருமமாகத் திரும்பியது.

எதிர்ப்பின் குரல்

கள் சத்துள்ள பானம், கேடு விளைக்கும் திருட்டுச் சாராயத்தைவிட மேலானது என்று தோட்ட நிர்வாகங்கள் வாதிட்டன. இதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவ்வாதத்தை எடுத்துரைத்தோர் விற்பவரே அன்றிக் குடிப்பவரின் மனைவியர் அல்லர்.

கள்ளுக்கடை மறியலுக்காகத் தம் தோப்பின் தென்னைகளையே வெட்டி வீழ்த்தியவர் தந்தை பெரியார். அவர் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது, சீர்திருத்த எண்ணம் இங்குப் புத்துயிர் பெற்றது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939 இல் விற்பனை வரியை விதித்தார். வருவாய் இழப்பு என்னும் சாக்கு வெல்லமுடியாத ஒன்றல்ல என்பதற்கு அது சான்று. ஊரில் கடை மூடப்பட்ட அதே காலத்தில், அவ்வூரிலிருந்து வந்தவனுக்கு இங்கே கடை திறந்தே கிடந்தது.

1941 இல் கோல சிலாங்கூரை அடுத்த கிள்ளானில் தோட்டத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. அதனை வழிநடத்தியவர் தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். கூலி உயர்வு, மருத்துவ வசதி, கல்வி, பெண்களின் மானத்திற்குப் பாதுகாப்பு, துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் கொடுமையின் ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் இடம்பெற்றது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. படை வந்தது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர் உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டவர்கள் அயலார் அல்லர்; அக்கடையில் காசு கொடுத்த தொழிலாளரே. கூலியையும் மானத்தையும் கேட்ட அதே மூச்சில் அதனையும் கேட்டனர். குடி அவர்களுக்கு ஒழுக்கச் சிக்கல் மட்டுமன்று, உரிமைச் சிக்கலுமாகும். 1947 இல் கெடாவில் தொண்டர் படையினர் நடத்திய மறியலும் இவ்வுணர்வின் தொடர்ச்சியே.

வரலாறு தரும் பாடம்

நாடு விடுதலை பெற்ற பின், இரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. கள்ளின் செல்வாக்குக் குறைந்தது. ஆனால் மலிவுச் சம்சு அவ்விடத்தைப் பிடித்தது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் முதலிய அமைப்புகள் அதனை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்தன. ஒரு கடையை மூடுவதால் மட்டும் குடி ஒழிவதில்லை. அக்கடையை நாடச் செய்யும் வாழ்க்கையையும் மாற்றுதல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள், அதனோடு கிள்ளான் தொழிலாளரின் கோரிக்கையையும் சேர்த்துக் கற்பித்தல் நலம். குறள் அறத்தைச் சொல்லும். வரலாறு அவ்வறத்திற்காகக் கொடுக்கப்பட்ட விலையைச் சொல்லும். குடிப்பவனைப் பழிக்கக் கற்பது எளிது. அவன் குடியால் யாருடைய கருவூலம் நிரம்பியது என்று கேட்கக் கற்பதே கல்வி. சுங்கம் தவிர்த்த மன்னனைப் போற்றும் இனம், தன் ஏழைகள் செலுத்திய சுங்கத்தை மறத்தலாகாது.